ஏணியிலிருந்து விழுந்த தந்தையின் தோள்: தைப்பதா, மாற்றுவதா?

கேள்வி: ஏற்காட்டில் காபித் தோட்ட வேலை பார்க்கும் என் தந்தைக்கு வயது 59. சில்வர் ஓக் மரத்தில் மிளகு பறிக்கையில் ஏணியிலிருந்து விழுந்து 7 வாரங்கள் ஆகின்றன. எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு இல்லை என்றதால் எண்ணெய்க் கட்டுப் போட்டோம். வலது கையைத் தூக்கவே முடியவில்லை. எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் தோளின் 2 ஜவ்வுகள் முழுதாகக் கிழிந்திருப்பதாக வந்துள்ளது. பயிற்சியே போதும் என்கிறார் ஒருவர். மூட்டையே மாற்ற வேண்டும் என்கிறார் இன்னொருவர். என்ன செய்வது?

பதில்: தைத்துச் சரிசெய்யும் வாய்ப்பு பெரும்பாலும் இன்னும் இருக்கிறது. அது நாளாக நாளாகக் குறையும் என்பதால், தோள் அறுவைச் சிகிச்சையில் அனுபவமுள்ள எலும்பு மருத்துவரை இந்த வாரமே பாருங்கள். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் எலும்பு சிகிச்சைப் பிரிவிலும் காட்டலாம்.

தோளின் பந்துமூட்டை 4 தசைகளின் ஜவ்வுகள் சட்டையின் கைப்பட்டி போலச் சுற்றிப் பிடித்திருக்கின்றன. ரொட்டேட்டர் கஃப் என்பது இதைத்தான். ஜவ்வு அறுந்தால் தசை உள்வாங்கிச் சுருங்குகிறது. வேலையற்றுக் கிடக்கும் அந்தத் தசையில் மாதங்கள் செல்லச் செல்லக் கொழுப்பு படிகிறது. அறுந்த ஜவ்வை எலும்போடு சேர்த்துத் தைத்துவிடலாம், கொழுப்பாகிப் போனதைத் திரும்பத் தசையாக்க முடியாது. ஆகவே கிழிசலின் அளவோடு, ஜவ்வு எவ்வளவு தூரம் உள்வாங்கியிருக்கிறது, கொழுப்பு எந்த நிலையில் இருக்கிறது என்றும் மருத்துவரிடம் கேளுங்கள். கொழுப்பை 0 முதல் 4 வரை தரம் பிரிப்பார்கள். 3 என்றால் தசையும் கொழுப்பும் சரிபாதி, அதற்குமேல் தைத்தாலும் பலன் குறைவு.

பயிற்சியே போதும் என்பது தவறான ஆலோசனையன்று. வயதானவர்களுக்குப் பல ஆண்டுகளாகத் தேய்ந்து கிழிந்த ஜவ்வுக்கு, முன்தோள் தசையை வலுப்படுத்தும் 3 மாதப் பிசியோதெரபியையே நானும் முதலில் சொல்வேன். சோற்றுக் கவளத்தை வாய்க்குக் கொண்டுபோக இடது கையால் வலது முழங்கையைத் தாங்கிக்கொண்டிருந்த சிலர், அதன்பின் தாங்கலின்றிச் சாப்பிடுவதைக் கண்டிருக்கிறேன். உங்கள் தந்தைக்கு நேர்ந்ததோ விழுந்த காயம். உழைக்கும் கை வேறு. இங்கே காத்திருப்பது நட்டம்.

நுண்துளை வழியே ஆர்த்ராஸ்கோப்பி முறையில் தைத்தால், சுமார் 6 வாரம் கை ஸ்லிங்கில் இருக்க வேண்டும். சுமை தூக்க 6 மாதமாவது ஆகும். பீடி பிடித்தால் நிறுத்தட்டும், சர்க்கரை இருந்தால் கட்டுக்குள் வரட்டும். இரண்டுமே தைத்த இடம் ஒட்டுவதைக் கெடுப்பவை. வலிக்காக ஸ்டீராய்டு ஊசியைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொள்ள வேண்டாம், அது ஜவ்வை நலிவடையச் செய்யும்.

தைக்க இயலாத நிலையென்றால், முதுகுத் தசையொன்றின் ஜவ்வை இடம்மாற்றிப் பொருத்தும் வழி உண்டு. பந்தையும் கிண்ணத்தையும் இடம்மாற்றி வைக்கும் ரிவர்ஸ் மூட்டு மாற்றம், 1985-இல் பிரான்சின் பால் கிராமோன் உருவாக்கிய முறை. முன்தோள் தசையே கையைத் தூக்கும்படி அது மாற்றிவிடுகிறது. பொதுவாக 65 வயதைக் கடந்தவர்களுக்கே அதைப் பரிந்துரைக்கிறோம். அதன்பின் ஏணி ஏறி மிளகு பறிக்கும் வேலையை விட்டுவிட வேண்டியிருக்கும் என்பதால், 59 வயதில் அதை முதல் தேர்வாக நான் சொல்லமாட்டேன்.

மருத்துவரிடம் போகும்போது அறிக்கைத்தாளோடு ஸ்கேன் சிடியையும் எடுத்துச் செல்லுங்கள். திறந்து பார்த்தபின் தைக்க வரவில்லை என்றால் அடுத்து என்ன செய்வார் என்பதை அறுவைக்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். அதுவரை தோளை உருவிவிடுவதும் எண்ணெய்க் கட்டும் வேண்டாம்.