அந்தப் பூட்டை எடுத்துவிடலாமா?

அன்புள்ள அண்ணா,

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து எழுதுகிறேன். வேலையில் ஒரு பழைய லினக்ஸ் டிரைவரை, அதாவது கருவிகளை இயக்கும் நிரலை, கொடுத்திருக்கிறார்கள். கருவியைத் திறக்கும் ஓப்பன், அதற்குக் கட்டளை அனுப்பும் ஐஆக்டில் இரண்டிலும் நுழைந்ததும் ஒரு பொது மியூடெக்ஸை (ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் உள்ளே விடும் பூட்டு) பூட்டுகிறது. நான்கு கருவி செருகியிருந்தாலும் ஒன்று முடித்தால்தான் அடுத்தது. பூட்டை எடுத்துவிட்டு இரண்டு நாள் ஓட்டினேன், ஒன்றும் ஆகவில்லை. சீனியரோ "இருந்துட்டுப் போகட்டும், கை வைக்காதே" என்கிறார். எடுக்கலாமா?

- ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

எடுக்கலாம். ஆனால் இரண்டு நாள் ஓடியதைக் காரணமாகச் சொல்லாதீர்கள்.

1996இல் லினக்ஸ் 2.0 பல பிராசஸர்களில் ஓட ஆரம்பித்தபோது அதன் மையப் பகுதியான கெர்னல் முழுவதற்குமே ஒரு பெரிய பூட்டுதான், பிக் கெர்னல் லாக். அதை வைத்திருக்கும் நிரல் எதற்காவது காத்துத் தூங்கப் போனால் தானாக விட்டுவிடும், எழுந்ததும் திரும்ப எடுத்துக்கொள்ளும், அப்படி ஒரு விசித்திரம். 2011இல் 2.6.39 வரும்வரை அது முழுசாக ஒழியவில்லை. கடைசிக் கட்டத்தில் கெர்னல் நிரலாளர் ஆர்ன்ட் பெர்க்மன் ஏகப்பட்ட டிரைவர்களில் அதை எடுத்துவிட்டு, அந்தந்த டிரைவருக்கென்று ஒரு மியூடெக்ஸைப் போட்டார். எதைக் காக்கிறது என்று ஒவ்வொன்றாகத் தோண்டிக்கொண்டிருந்தால் பெரிய பூட்டு இன்றும் போயிருக்காது. உங்களுடையதும் அந்த வம்சமாக இருக்கலாம்.

முத்தியால்பேட்டையில் நாங்கள் இருந்த லைன் வீட்டில் ஆறு குடித்தனத்துக்கு ஒரே குளியலறை, சாவி ஆணியில் தொங்கும். பிறகு வீட்டுக்காரர் ஆளுக்கொன்று கட்டிக் கொடுத்தார். பக்கத்து வீட்டு ஆயா மட்டும் கடைசிவரை அந்தச் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டுதான் தன் குளியலறைக்குள் போவார்.

உங்கள் பூட்டும் அந்தச் சாவி மாதிரிதானா என்று பார்ப்போம். பூட்டுவதற்கும் திறப்பதற்கும் நடுவே எந்தெந்த மாறியைத் தொடுகிறார்கள் என்று ஒரு பேப்பரில் எழுதுங்கள். எல்லாம் அந்த ஃபங்ஷனுக்குள்ளேயே பிறந்து சாகிறவை என்றால் பூட்டு தண்டம். ஒரு கருவிக்கு மட்டும் சொந்தமானவை என்றால் பூட்டையும் அந்தக் கருவியின் விவரங்களைத் தொகுத்து வைத்திருக்கும் ஸ்ட்ரக்டுக்குள் கொண்டுபோய் வையுங்கள், நான்கு கருவிக்கு நான்கு பூட்டு. எல்லாக் கருவிக்கும் பொதுவான எண்ணிக்கையோ பட்டியலோ இருந்தால், அதைத் தொடுகிற இரண்டு வரிக்கு மட்டும் பொதுப்பூட்டு போதும்.

அப்புறம் அதே மியூடெக்ஸை வேறு யார் எடுக்கிறார்கள் என்று நிரல் முழுவதும் கிரெப் போட்டுத் தேடிப் பாருங்கள். நான் பார்க்காமல் மாட்டிக்கொண்டேன். ஓப்பனில் அது எதையும் காக்கவில்லை என்று தூக்கிவிட்டேன், என் பழைய ஒற்றைக் கோர் மெஷினில் சமர்த்தாக ஓடியது, வாடிக்கையாளரின் நான்கு கோர் மெஷினில் பூட் ஆகும்போதே நல் பாயின்டர் (எதையும் சுட்டாத வெற்று முகவரி) என்று விழுந்தது. கருவி கிடைத்ததும் அதைத் தயார்செய்யும் ப்ரோப் ஃபங்ஷன், அதே மியூடெக்ஸைப் பிடித்துக்கொண்டு கருவியை முதலில் பதிவுசெய்து, பிறகுதான் தரவு வைக்கும் நினைவகமான பஃபரை ஒதுக்கியது. பதிவான மறுகணமே ஏதோ ஒரு பின்னணி நிரல் வந்து, பஃபர் வருவதற்குள் கருவியைத் திறந்துவிட்டது. இத்தனை வருடம் ஓப்பனை வாசலில் நிறுத்திவைத்தது அந்தப் பூட்டுதான். சரிசெய்ய மூன்று வரியை இடம் மாற்றியதே போதுமாக இருந்தது, பதிவை ப்ரோப்பின் கடைசிக்குத் தள்ளினேன்.

கெர்னலில் பூட்டுகளைச் சோதிக்கும் லாக்டெப், பூட்டுகளின் வரிசை தப்பினால் கத்தும், பூட்டே இல்லாததை அதனிடம் கேட்டுப் பயனில்லை. அதற்கு, ஒரே தரவைப் பூட்டில்லாமல் இருவர் ஒரே நேரத்தில் தொடுவதைப் பிடிக்கும் கேசிசானை இயக்கி, நான்கு கருவியையும் ஒரே நேரத்தில் திறந்து மூடி அடித்துப் பாருங்கள்.

சீனியரிடம் அந்தப் பேப்பரோடு போங்கள். நீங்கள் அனுப்பும் திருத்தமான பேட்சின் விளக்கத்திலும் அதையே எழுதுங்கள்.