பிரிண்டரைக் கழற்றித் திரும்ப மாட்டினேன், கம்ப்யூட்டர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. என்ன செய்வது?

யாராவது “ஃபார்மேட் அடிச்சா சரியாயிடும்”, அதாவது இருப்பதை அழித்துவிட்டு விண்டோஸையே புதிதாகப் போட்டால் சரியாகிவிடும் என்று சொல்லிக்கொண்டு வந்தால், ஒரு டீ வாங்கிக் கொடுத்து அப்படியே அனுப்பி வையுங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

யூஎஸ்பி பிரிண்டர், நேற்று வரை ஓடியது, கழற்றி மாட்டியதும் நின்றுவிட்டது என்று மட்டும்தான் கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். ஏன் கழற்றினீர்கள் என்று எழுதவில்லை. பெயிண்ட் அடிக்கவோ மேசையை நகர்த்தவோதான் கழற்றியிருப்பீர்கள். பிரிண்டரை யாரும் ஆசைக்குக் கழற்றுவதில்லை. நானும் அப்படித்தான் கழற்றினேன், 2018 போகிக்கு இரண்டு நாள் முன்னால்.

தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு சின்ன ஊரில், தாலுகா ஆபீஸுக்கு எதிர் வரிசையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். டைப்பிங், பிரிண்ட் அவுட், ஸ்கேன், லேமினேஷன், கல்யாணப் பத்திரிகை எல்லாம் உண்டு. 2007-ல் ஆரம்பித்தது. நான் கம்ப்யூட்டர் படித்தவள் இல்லை, பி.ஏ. வரலாறு. இங்கே ஐ.டி. ஆட்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள், ஏதாவது சொல் தப்பாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் இத்தனை வருஷம் பிரிண்டரோடு மாரடித்தவள் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

கடைக்கு வெள்ளையடிக்க எல்லாவற்றையும் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோய், பழைய புடவையைப் போர்த்தி வைத்தேன். பொங்கல் முடிந்து மாட்டினால், பிரிண்ட் கொடுக்கிறேன், ஒன்றும் நடக்கவில்லை. விளக்கு எரிகிறது. பேப்பர் இருக்கிறது. திரையில் ‘ஆஃப்லைன்’ என்கிறது. வாசலில் ஏழெட்டுப் பேர். எனக்கு வந்த பதற்றத்தில் ஒயரைப் பிடுங்கிப் பிடுங்கி முன்னால் உள்ள ஓட்டை, பின்னால் உள்ள ஓட்டை எல்லாவற்றிலும் செருகிப் பார்த்துவிட்டு, சிஸ்டம் சர்வீஸ் பார்க்கும் தம்பிக்கு போன் போட்டேன்.

வந்தார். உட்கார்ந்தார். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. “ஓ.எஸ். கரப்ட் ஆயிடுச்சுக்கா. ஃபார்மேட் அடிச்சாதான் வேலைக்கு ஆவும்.”

“ஃபைல் எல்லாம் போயிடுமா தம்பி?”

“டி டிரைவுல இருக்கறது அப்படியே இருக்கும்க்கா. டெஸ்க்டாப்பை நான் எடுத்து வச்சுர்றேன்.”

என் ஃபைல் டெஸ்க்டாப்பிலும் இல்லை, டி டிரைவிலும் இல்லை. சி டிரைவில் ‘வேலை’ என்று ஒரு ஃபோல்டர் போட்டு அதற்குள் வைத்திருந்தேன். அதை அவர் கேட்கவில்லை, எனக்கும் சொல்லத் தோன்றவில்லை. பதினொரு வருஷத்துப் பத்திரிகைகள். கல்யாணம், காதணி விழா, மஞ்சள் நீராட்டு, புதுமனை புகுவிழா, கருமாதி. வெறும் டிசைன் போனதற்கு நான் அழவில்லை. எங்கள் பக்கம் பத்திரிகை அடிப்பவர்களுக்குத் தெரியும், ஒரு வீட்டுக்கு இரண்டாவது கல்யாணம் வரும்போது முதல் கல்யாணப் பத்திரிகையின் ஃபைல்தான் வேதம். தாய்மாமன்கள் ஐந்து பேர் என்றால் யார் பெயர் முதலில், யாருக்கு ‘அவர்கள்’ போட வேண்டும், இறந்துபோன பெரியப்பாவுக்கு ‘தெய்வத்திரு’ போட்டோமா, எல்லாம் அதில் இருக்கும். அந்த வரிசை தப்பினால் பந்தியில் சண்டை. அந்த வரிசைகள் எல்லாம் ஒரு மத்தியானத்தில் போயின.

கொடுமை என்னவென்றால், ஃபார்மேட் அடித்ததும் பிரிண்டர் ஓடியது! அதனால் அவர் சொன்னது சரி என்று நானே நம்பி, 800 ரூபாயும் கொடுத்து, “நல்லா இருப்பா” என்று அனுப்பினேன்.

அவர் யார், எந்தக் கடை என்று கமெண்டில் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். பேக்கப் எடுக்காதது என் தப்பு என்று எழுத ஒருவர் கண்டிப்பாக வருவார், அவருக்கும் இப்போதே பதில்: ஆமாம், தப்புதான். வீட்டைப் பூட்டாமல் போனது என் தப்பு என்றால், உள்ளே வந்து பீரோவைக் கவிழ்த்தவர் தப்பில்லையா?

ஃபைல் மட்டும் போகவில்லை, ஃபாண்ட்டும் போனது. இது உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லை, இருந்தாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1999-ல் தமிழ் 99 விசைப்பலகை வந்தது, எந்தக் கம்ப்யூட்டரில் திறந்தாலும் தமிழ் தமிழாகவே தெரிகிற யூனிகோடை 2010-ல் தமிழ்நாடு அரசு நிர்ணயித்து உத்தரவே போட்டது. ஆனாலும் இன்றைக்கும் ஒருவர் பென் டிரைவைக் கொண்டுவந்து, “பாமினில அடிச்சதும்மா, அப்படியே ஒரு காப்பி” என்கிறார். அந்த ஃபாண்ட் இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பை. “வேற கடையில நல்லா தெரிஞ்சுதே” என்று என்னைத்தான் ஒரு மாதிரி பார்ப்பார். சரி, விடுங்கள்.

உண்மை எனக்குத் தெரிந்தது அந்த வருஷம் மே மாதம். புதிதாக ஒரு வெப்கேம் வாங்கி மாட்ட, பிரிண்டர் ஒயரை ஒரு ஓட்டை தள்ளிச் செருகினேன். அவ்வளவுதான் செய்தேன். அடுத்த பிரிண்ட் வரவில்லை. அதே ‘ஆஃப்லைன்’. ஒரு பெண் ஹால் டிக்கெட் எடுக்க வந்து நின்றது, மறுநாள் பரீட்சை, அதன் அப்பா வண்டியை ஆஃப் பண்ணாமலே வெளியே காத்திருக்கிறார். பிரிண்ட் பட்டனை அமுக்கு அமுக்கு என்று அமுக்கினேன்.

மறுபடி போன் போடக் கை போயிற்று. போடவில்லை. கன்ட்ரோல் பேனலில் ‘டிவைசஸ் அண்ட் பிரிண்டர்ஸ்’ திறந்து பார்த்தேன். என் பிரிண்டர் அங்கே இரண்டாக இருந்தது. ஒன்று சாயம் போன துணி மாதிரி வெளிறி. இன்னொன்று பளிச்சென்று, பெயருக்குப் பின்னால் ‘காப்பி 1’ என்ற ஒட்டோடு. நான் அனுப்பியதெல்லாம் வெளிறியதுக்குப் போய் வரிசை கட்டி நின்றிருக்கிறது.

இதற்கான காரணத்தைப் பிறகு தேடித் தெரிந்துகொண்டேன். சில பிரிண்டர்கள் யூஎஸ்பி வழியாகத் தம் சீரியல் நம்பரைச் சொல்லும். அதை எந்த ஓட்டையில் செருகினாலும் விண்டோஸ் ‘நம்ம ஆளு’ என்று தெரிந்துகொள்ளும். நம்பர் சொல்லாத பிரிண்டர் என்றால், எந்த வாசல் வழியாக வந்தது என்பதுதான் அடையாளம். முன்வாசல் வழியாக வந்துகொண்டிருந்தவர் ஒருநாள் கொல்லைப்புறமாக வந்தால், அவரைப் புது விருந்தாளி என்று நினைத்து இன்னொரு இலை போட்டுவிடும். பழைய இலை காலியாகவே கிடக்கும், நாம் அதில்தான் பரிமாறிக்கொண்டிருப்போம். ஃபார்மேட் அடித்தால் எல்லா இலையும் எடுத்தாகிவிடும், புதிதாக ஒரே இலை, அதனால் ஓடும். என் பதினொரு வருஷம் போனது இதற்குத்தான். முதல் இரண்டு மாதம் இதை நினைத்தாலே எனக்கு வயிறு எரியும்.

இப்போது உங்கள் விஷயம். பிரிண்டரை ஆன் செய்துவிட்டு, கம்ப்யூட்டர் ஸ்பீக்கரைத் திறந்து வைத்து, ஒயரைப் பிடுங்கிச் செருகுங்கள். செருகும்போது ‘டிடிங்’ என்று ஒரு சத்தம் வருகிறதா? இதுதான் முதல் சோதனை. நான் பார்த்த சர்வீஸ்காரர்களில் பாதிப் பேர் இதைச் செய்வதே இல்லை.

சத்தம் வரவில்லை என்றால், அல்லது வந்தும் ‘அன்நோன் யூஎஸ்பி டிவைஸ்’ என்று சொன்னால், சாஃப்ட்வேரைத் தொடாதீர்கள். ஒயர், ஓட்டை, கரன்ட் இந்த மூன்றில் ஒன்று. பிரிண்டர் பக்கம் போகிற சதுரத் தலை முழுதாக உள்ளே போயிருக்கிறதா என்று பாருங்கள், அது பாதியில் நிற்பது சகஜம். வெள்ளையடித்த இடம் என்றால் ஓட்டைக்குள் சுண்ணாம்புத் தூள் இருக்கும், டார்ச் அடித்துப் பார்த்துக் காய்ந்த பிரஷ்ஷால் தட்டுங்கள், வாயால் ஊதாதீர்கள். எங்கள் தெருவில் ஒரு கடையில் குளவி மண்கூடு கட்டியே அடைத்திருந்தது. கேபினெட்டின் முன்பக்க ஓட்டை வேண்டாம், பின்னால் போர்டிலேயே இருக்கிற ஓட்டையில் நேராகச் செருகுங்கள், ஒரு ஓட்டையை நாலாக்கும் ஹப் எதுவும் நடுவில் வைக்காமல். மேசையை நகர்த்தியதால் நீள ஒயர் வாங்கிப் போட்டிருந்தால் அதுவே காரணமாக இருக்கலாம், யூஎஸ்பி 2.0 ஒயருக்கு ஐந்து மீட்டர்தான் கணக்கு. பிறகு இரண்டையும் அணைத்து, பிளக்கையே பிடுங்கி, பவர் பட்டனை அரை நிமிஷம் அமுக்கிப் பிடித்துவிட்டு மறுபடி போடுங்கள். வேறு ஒயர் ஒன்று கடன் வாங்கியாவது மாட்டிப் பாருங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் பிரிண்டரைத் தூக்கிக்கொண்டு போய் இன்னொரு கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்தால் யார் குற்றவாளி என்று தெரிந்துவிடும்.

சத்தம் வந்தது, ஆனால் பிரிண்ட் வரவில்லை என்றால் என் கதைதான். ‘டிவைசஸ் அண்ட் பிரிண்டர்ஸ்’ போங்கள். புது விண்டோஸில் அது செட்டிங்ஸுக்குள் ‘பிரிண்டர்ஸ் அண்ட் ஸ்கேனர்ஸ்’ என்று இருக்கும். பழைய பிரிண்டரைத் திறந்து ‘பிரிண்டர் பிராப்பர்ட்டீஸ்’ எடுங்கள். ‘பிரிண்டிங் பிரிஃபரன்சஸ்’ என்று பக்கத்திலேயே ஒன்று இருக்கும், அது இல்லை. அதில் ‘போர்ட்ஸ்’ பக்கம் போனால் யூஎஸ்பி001, யூஎஸ்பி002 என்று வரிசையாக இருக்கும். எதில் டிக் இருக்கிறதோ அதை விட்டுவிட்டு அடுத்ததை டிக் செய்து, அப்ளை கொடுத்து, ஒரு டெஸ்ட் பேஜ். வராவிட்டால் அதற்கும் அடுத்தது. இரண்டு மூன்றுக்கு மேல் போகாது. வரிசை நிற்கும் ஜன்னலில் ‘யூஸ் பிரிண்டர் ஆஃப்லைன்’ என்பதில் டிக் விழுந்திருந்தால் எடுத்துவிடுங்கள்.

ஆனால் போர்ட்டை மாற்றும் முன் வரிசையில் நிற்பதையெல்லாம் கேன்சல் செய்துவிடுங்கள். நான் செய்யவில்லை. அப்ளை அமுக்கியதும் அந்தப் பெண்ணின் ஹால் டிக்கெட் பதினான்கு காப்பி வந்தது, ஒன்றன் பின் ஒன்றாக, அதே முகம், அதே கையெழுத்து. நிறுத்தத் தெரியாமல் நானும் அதுவும் பார்த்துக்கொண்டு நின்றோம். “அக்கா, எனக்கு ரெண்டு போதும்” என்றது. மீதியைக் கிழித்துப் போட்டேன். பின்பக்கம் கணக்கு எழுத ஆகும்தான், ஆனால் பெண்பிள்ளை போட்டோ, பிறந்த தேதி எல்லாம் இருக்கிற தாளைக் கடையில் வைக்கக்கூடாது.

கேன்சல் கொடுத்தும் ‘டெலீட்டிங்’ என்றே நின்றால், விண்டோஸின் சர்வீசஸ் பட்டியலில் ‘பிரிண்ட் ஸ்பூலர்’ என்பதை (பிரிண்ட் வரிசையைக் கவனிப்பது அதுதான்) ஸ்டாப் செய்து, சி டிரைவில் விண்டோஸ், சிஸ்டம்32, ஸ்பூல், பிரிண்டர்ஸ் என்று உள்ளே போய், அங்கே இருக்கும் ஃபைல்களை மட்டும் அழித்துவிட்டு, ஸ்பூலரை மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். ஃபோல்டரை அழிக்காதீர்கள்.

போர்ட் பட்டியலில் யூஎஸ்பி வரிசையே காணோம் என்றால் கம்ப்யூட்டரை ஷட் டவுன் செய்யாமல் ரீஸ்டார்ட் செய்யுங்கள். ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்’ இருக்கிற விண்டோஸில் ஷட் டவுன் என்பது அரைத் தூக்கம்தான், ரீஸ்டார்ட்தான் முழுக் குளியல். 2020-ல் மைக்ரோசாஃப்ட்டே ஒப்புக்கொண்ட ஒரு கோளாறும் இருந்தது: விண்டோஸ் 10-ன் 1909 பதிப்பிலும் அதற்குப் பின்னும், கம்ப்யூட்டர் அணைந்திருக்கும்போது பிரிண்டரைக் கழற்றினாலோ அணைத்தாலோ, அடுத்த முறை திறக்கும்போது அந்த போர்ட் பட்டியலில் காணாமல் போனது. அதற்கு அவர்கள் சொன்ன வழி, முதலில் பிரிண்டரை மாட்டி ஆன் செய்துவிட்டு, அப்புறம் கம்ப்யூட்டரைத் திறப்பது. பழைய பதிப்பு என்றால் இதையும் முயன்று பாருங்கள்.

இதெல்லாம் ஆன பிறகும் அடம்பிடித்தால்தான் டிரைவரை, அதாவது பிரிண்டரோடு பேசுகிற சாஃப்ட்வேரை, எடுத்துவிட்டு மறுபடி போடுவது. அப்போதும் ஒயரைக் கழற்றிவிட்டு இன்ஸ்டால் செய்து, அது கேட்கும்போது மட்டும் மாட்டுங்கள்.

என் கடையில் இப்போது கேபினெட்டுக்குப் பின்னால், பிரிண்டர் ஒயர் போகிற ஓட்டைக்குப் பக்கத்தில், என் மகளின் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு பொட்டு வைத்திருக்கிறேன். ஒயர் தலையிலும் அதே பொட்டு. யார் கழற்றினாலும் பொட்டுக்குப் பொட்டு மாட்ட வேண்டும். வெள்ளையடிக்க வருகிற அண்ணனுக்கே தெரியும்.

சத்தம் வந்ததா இல்லையா என்பதை மட்டும் கீழே எழுதுங்கள். ஏழரைக்குக் கடை சாத்தியதும் பார்க்கிறேன். இன்றைக்கு முகூர்த்த நாள் நெருங்கி, பத்திரிகைக்காரர்கள் இரண்டு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், அதில் ஒருவருக்குத் தாய்மாமன் ஏழு பேர்.