அரசுப் பள்ளியா, தனியார் பள்ளியா: எதை வைத்து முடிவெடுப்பது?

கேள்வி: மகளை அடுத்த ஆண்டு ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வேண்டும். நடந்து போகும் தூரத்தில் ஓர் அரசுப் பள்ளி இருக்கிறது. முக்கால் மணி நேரப் பயணத்தில் ஒரு தனியார் பள்ளி. தேர்வு முடிவுகளில் அதற்கு நல்ல பெயர். ஆனால் கடன் வாங்கித்தான் ஃபீஸ் கட்ட முடியும். கணவர் அங்கேதான் என்கிறார். எனக்குத் தயக்கமாக இருக்கிறது.

பதில்: அந்தத் தேர்வு முடிவிலிருந்தே தொடங்குவோம். பெற்றோரை அதிகம் தடுமாற வைப்பது அதுதான். நேர்காணல் வைத்து, வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளாகப் பார்த்துச் சேர்த்துக்கொண்டால் மதிப்பெண் உயரத்தான் செய்யும். பள்ளி கற்றுக்கொடுத்தது எவ்வளவு, வீடு கொடுத்தனுப்பியது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க வேண்டும். பல நாடுகளில் 15 வயது மாணவர்களுக்கு நடக்கும் பீசா தேர்வில் அப்படிப் பார்த்திருக்கிறார்கள். 2015-இல் மேலோட்டமான கணக்கில் அறிவியலில் தனியார் பள்ளி மாணவர்கள்தான் முன்னால் இருந்தார்கள். குடும்பப் பின்னணியைக் கணக்கில் சேர்த்ததும், ஓஇசிடி என்ற, பெரும்பாலும் வளர்ந்த நாடுகளின் கூட்டமைப்பிலுள்ள நாடுகளின் சராசரியில் அரசுப் பள்ளி மாணவர்கள் முந்திவிட்டார்கள்.

ஆந்திராவில் 180 கிராமங்களில் நடந்த ஆய்வு இன்னும் நேரடியானது. குலுக்கலில் உதவித்தொகை விழுந்த பிள்ளைகள் தனியார் பள்ளிக்குப் போனார்கள். நான்கு ஆண்டுகள் கழித்துப் பார்த்தால், தெலுங்கிலும் கணக்கிலும் குலுக்கலில் விழாதவர்களுக்கும் அவர்களுக்கும் வித்தியாசம் இல்லை. அரசுப் பள்ளியில் தொடக்க வகுப்புகளில் பெரும்பாலும் கற்றுத்தராத இந்தியில் மட்டும் தனியார் பள்ளிக்குப் போனவர்கள் மேலாக இருந்தார்கள். அதே நேரம், ஒரு பிள்ளைக்கு அரசுப் பள்ளி செலவிட்டதில் மூன்றில் ஒரு பங்குகூட ஆகாமல் தனியார் பள்ளிகள் இதைச் செய்தன என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆக, பெயர்ப்பலகையை வைத்து முடிவெடுக்க முடியாது. உங்கள் எதிரில் இருக்கும் இந்த இரண்டு பள்ளிகளைத்தான் எடை போட வேண்டும்.

ஆண்டு விழா அன்று போகாதீர்கள். சாதாரண வேலை நாளில், முன்கூட்டியே அனுமதி கேட்டுக்கொண்டு போங்கள். இரண்டாம் வகுப்பில் நாலைந்து பிள்ளைகளின் நோட்டைக் காட்டச் சொல்லுங்கள். எல்லா நோட்டிலும் ஒரே வாக்கியங்கள், அழகான கையெழுத்து, பக்கத்துக்கு ஒரு டிக் என்றிருந்தால், கரும்பலகையைப் பார்த்து எழுதியது அது. ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொரு மாதிரி எழுதி, ஒவ்வொரு மாதிரி தப்பு செய்து, ஆசிரியர் அந்தத் தப்பின் பக்கத்தில் ஏதாவது எழுதி, பிள்ளை திரும்ப எழுதியிருந்தால் அங்கே பாடம் நடக்கிறது. நான் பள்ளியில் முதலில் தேடுவது இதைத்தான். அப்புறம், ஆரம்ப வகுப்பு ஆசிரியர்கள் எத்தனை வருஷமாக இருக்கிறார்கள், காலிப் பணியிடம் உண்டா என்று கேளுங்கள். கழிப்பறையையும் பாருங்கள்.

தூரத்தை லேசாக நினைக்க வேண்டாம். போக முக்கால் மணி, வர முக்கால் மணி என்றால், ஆறு வயதுப் பிள்ளைக்கு தினமும் ஒன்றரை மணி நேரத் தூக்கமோ விளையாட்டோ போகிறது. ஃபீஸும் ஒரு வருஷக் கணக்கு இல்லை. வேன், சீருடை, புத்தகம் எல்லாம் சேர்த்து, வருஷா வருஷம் ஏறும் என்று வைத்து, பள்ளிப்படிப்பு முடியும் வரை கூட்டிப் பாருங்கள்.

நோட்டும் ஆசிரியர்களும் ஏறக்குறைய ஒரே தரம் என்று தெரிந்தால், தயங்காமல் பக்கத்துப் பள்ளியில் சேர்த்துவிடுங்கள். கடன் வேண்டாம். மாதாந்திரச் செலவிலேயே கதைப் புத்தகம் வாங்கி, தினமும் கூட உட்கார்ந்து வாசியுங்கள். ஆனால் அங்கே ஆசிரியர் இல்லாமல் மூன்று வகுப்பை ஒன்றாக உட்கார வைத்திருந்தால், உங்கள் கணவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அப்போதும், வீட்டுக்கு இன்னும் பக்கத்தில் ஃபீஸ் குறைவான வேறு பள்ளி உண்டா என்று பாருங்கள்.

எந்தப் பள்ளிக்குப் போனாலும் இருவரும் சேர்ந்தே போங்கள். ஒருவர் பார்த்துவிட்டு வந்து சொன்னால் வாக்குவாதம் தீராது.