மனவருத்தம் தேறி வந்த தம்பியை எப்போது கடல்தொழிலுக்கு அனுப்பலாம்?

திருகோணமலைப் பக்கம் நிலாவெளியில் கடலுக்குப் போய்வந்த தம்பி சைக்கோசிஸ் (இல்லாத குரல் கேட்பது, காரணமில்லாத சந்தேகம் போன்றவை வரும் மனநோய்) வந்து ஐந்து கிழமை வார்ட்டில் இருந்தார், இப்போது இரவில் அதற்கான ஒலன்சபின் குளிசை எடுக்கிறார், திரும்பத் தொழிலுக்கு விடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நாள்கணக்கை விடுங்கள், நித்திரையைப் பாருங்கள். இரண்டு கிழமை தொடர்ந்து ஒழுங்காக உறங்கி, காலையில் யாரும் தட்டாமல் எழும்புகிறார் என்றால் டொக்டரிடம் வேலைப் பேச்சை எடுக்கலாம். காலை மந்தம் மாறாவிட்டால், குளிசையைப் படுக்கும் நேரத்துக்குப் பதிலாக இரவு எட்டு மணிக்கே போடலாமா என்றும் கேளுங்கள். நீங்களாகப் பாதியாக உடைக்க வேண்டாம்.

போட்டில் இராத்தொழில் இப்போதைக்குக் கூடாது. நித்திரை குழம்பினால் வருத்தம் திரும்பும். தூக்கக் கலக்கத்தோடு கடலில் நிற்பது அதைவிட ஆபத்து. கரைவலை பொருத்தம். பகல் வேலை, பலபேர் சேர்ந்து இழுப்பது. ஒருவர் கயிற்றை விட்டுவிட்டு நிழலில் கொஞ்சம் இருந்தாலும் வலை நிற்காது. அதற்கும் முந்தி வலை பொத்தட்டும்: முதல் கிழமை ஒரு மணித்தியாலம், பிறகு இரண்டு. கை நடுங்கிக் கண்ணி தவறுகிறதா, இருக்க ஏலாமல் எழும்பி எழும்பி நடக்கிறாரா என்று கவனியுங்கள். வீட்டில் இதைப் பார்த்து "திரும்பத் தொடங்கிட்டுது" என்று பயப்படுவார்கள். பலவேளை அது மருந்தின் பக்கவிளைவு. கிளினிக்கில் சொன்னால் அளவையோ மருந்தையோ மாற்றித் தருவார்கள். வெயிலில் தண்ணீர்ப் போத்தல் கையோடு இருக்கட்டும்; நடுக்கத்துக்குக் கொடுக்கும் பென்செக்சோல் வியர்வையைக் குறைக்கும், உடம்பு சூடேறும்.

வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியிடம் தம்பியின் சம்மதத்தோடுதான் பேச வேண்டும். நோயின் பெயர் அவருக்குத் தேவையில்லை. "மருந்து எடுக்கிறார், கிளினிக் நாளில் வரமாட்டார், ஒரு மாதம் அரை வேலை, அரைப் பங்கு" என்றால் போதும். இரக்கப்பட்டு முழுப் பங்கு கொடுத்தால், சேர்ந்து இழுப்பவர்கள் முணுமுணுப்பார்கள். அது காதில் விழுந்த மறுநாள் தம்பி கரைக்கு வரமாட்டார். காசு அவர் கையிலேயே போகட்டும், அம்மாவின் கையில் அல்ல. பங்கு பிரித்தபின் சாராயத்துக்குக் கூப்பிடுவார்கள். அந்த நேரத்தில் அவரோடு வீடுவரை நடந்து வர மீனவர் சங்கத்தில் நம்பிக்கையான ஒரு அண்ணனைக் கேட்டு வையுங்கள். நூறு புத்திமதியை விட அது உதவும்.

அதிகம் பேர் சறுக்குவது உழைக்கத் தொடங்கிச் சில மாதம் போனபின்தான். "நல்லாத்தானே இருக்கிறன்" என்று குளிசையை விடுவார்கள். மறுநாளே ஒன்றும் நடக்காது, அதுதான் ஏமாற்றுவது; வருத்தம் கிழமைகள், மாதங்கள் கழித்து வரும். முதல் தடவை வந்தவருக்கே தேறியபின் ஒன்றிரண்டு வருடமாவது மருந்து தொடர்வதுதான் வழக்கம். வாடைக்காற்றில் தொழில் நிற்கும் மாதங்களிலும் அதே நேரத்துக்கு எழும்பி வலை பொத்தப் போகட்டும்.

போன தடவை முதலில் தெரிந்த மூன்று அறிகுறிகளை அவரையே சொல்லச் சொல்லி கிளினிக் கொப்பியின் பின்னட்டையில் எழுதுங்கள். நித்திரை இல்லாதது, சாப்பாட்டில் சந்தேகம், தனியே பேசுவது, எதுவாகவும் இருக்கலாம். இரண்டு இரவு தொடர்ந்து கண்டால் கிளினிக் திகதிவரை காத்திராமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். நடுச்சாமத்தில் யோசனை கேட்க வேண்டுமென்றால் தேசிய மனநல உதவி இலக்கமான 1926க்கு எடுக்கலாம்.