வாசகர் கேள்வி: கவ்வாத்துக் கத்தியும் கிரேக்க அகராதியும்

கேள்வி: என் மகன் போதகருக்குப் படிக்கிறான். லீவுக்கு வந்தவன் கிரேக்கப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, தேயிலைத் தோட்ட வேலையைப் பற்றி என்னிடம் கேட்டுக் கேட்டு எழுதுகிறான். அதுதான் பாடமாம். இந்த மலையை விட்டுப் போகட்டும் என்றுதானே படிக்க வைத்தோம்?
– ஒரு தாய், பொகவந்தலாவை

பதில்: அம்மா, நானும் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பிள்ளைதான். என் அம்மா பறித்த கொழுந்தில்தான் எனக்குச் சப்பாத்து வந்தது. உங்கள் ஆதங்கம் புரிகிறது. ஆனாலும் இதில் நான் உங்கள் மகனின் ஆசிரியர் பக்கம்.

இறையியல் மாணவர்களுக்குப் பல வருஷம் புதிய ஏற்பாடு படிப்பித்தேன். யோவான் 15இல், கனி கொடுக்கிற கொடியைப் பிதா ‘சுத்தம்பண்ணுகிறார்’ என்று நம் பழைய வேதாகமத்தில் இருக்கும். மாணவர்கள் கொடியைக் கழுவித் துடைப்பதுபோல விளக்கம் எழுதுவார்கள். கிரேக்கத்தில் அந்த வினை ‘கதைரோ’. சுத்தமாக்குவதற்கும் அதுதான், கிளை கழிப்பதற்கும் அதுதான். கரும்பலகையில் எழுதிப் போட்டும் ஏறவில்லை.

ஒரு வருஷம் வகுப்பைக் கவ்வாத்து, அதாவது தேயிலைச் செடியின் கிளை கழிப்பு, நடந்த மலைக்கே கூட்டிப் போனேன். பச்சையே இல்லை, வெறும் தூர்கள். கவ்வாத்து வெட்டிய ஐயா கத்தியைச் சாய்த்து ஒரே இழுப்பு இழுத்தார். வெட்டின வாய் சரிவாக, வழுவழுப்பாக இருந்தது. “தண்ணி நின்னா அழுகிரும் சார், அதான் சாய்ச்சு வெட்டுறது” என்றார். “செத்துப்போன மாதிரி இருக்கே” என்று ஒரு பிள்ளை கேட்டாள். “வெட்டாம விட்டா மரமாப் போயிரும்மா. அப்புறம் கொழுந்து எங்க?” என்றார். அந்தப் பிள்ளை தன் கட்டுரையில், அப்பா இறந்த வருஷத்தைத் தன் வீட்டின் கவ்வாத்து என்று எழுதியிருந்தாள். அந்தத் தாளுக்கு உடனே புள்ளி போட எனக்குக் கை வரவில்லை.

கிரேக்கம் கட்டாயம் வேண்டும். அது இல்லாமல் அந்தச் சொல் எனக்கே திறந்திருக்காது. ஆனால் 1963இல் பிலிமத்தலாவையில் இலங்கை இறையியல் கல்லூரி தொடங்கியதே சிங்களத்திலும் தமிழிலும் போதகர்களைப் பயிற்றுவிக்கத்தான். காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டும், கொழுந்து நிறுக்கிற மடுவமும், அரைநாள் கூலியான அரைப் பேரும் அந்தத் தமிழில் சேர்த்திதானே?

அடுத்த லீவில் மத்தேயு 20ஐ வாசிக்கச் சொல்லுங்கள். சாயங்காலம் வந்தவனுக்கும் முழுக்கூலி கொடுத்த தோட்டச் சொந்தக்காரர் கதை. கிலோ குறைந்து உங்களுக்கு அரைப் பேர் போட்ட ஒரு நாளை அவனுக்குச் சொல்லுங்கள். எழுதிக்கொள்ளட்டும்.

கேள்வி: இழவு வீட்டிலும் காமன் கூத்திலும் அடிக்கிற தப்பு மேளத்தை இறையியல் கல்லூரி ஆராதனையில் அடிக்கலாமா?
– வாசகர், ஹட்டன்

பதில்: தாராளமாக. மதுரை அரசரடியில், தமிழ்நாடு இறையியல் கல்லூரியில், தியோபிலஸ் அப்பாவு நாட்டுப்புற மெட்டில் பாட்டுக் கட்டியே இறையியல் கற்பித்தார். ஒன்றுதான் கேட்கிறேன். தப்பு அடிக்கத் தெரிந்தவரை ஆசிரியராக அழையுங்கள். நாற்காலி போட்டு, சம்பளம் கொடுத்துப் படியுங்கள். அவரை வாசலில் நிறுத்திவிட்டுத் தப்பை மட்டும் உள்ளே கொண்டுபோகாதீர்கள்.