சர்வதேச ஆராய்ச்சி கிராண்ட் ஜெயிக்கவும் நடத்தவும் ஆராய்ச்சியாளர்களுக்கு எப்படி பயிற்சி கொடுக்கறது? ஒரு நாள் ஒர்க்‌ஷாப் போதுமா?

போதாதுங்க. நான் ஆராய்ச்சி நிர்வாகப் பக்கம் வேலை பாக்கறவன், இந்த மாதிரி ஒர்க்‌ஷாப்ல பேசியும் இருக்கேன், வர்றவங்க ஸ்லைடை எல்லாம் போன்ல போட்டோ எடுத்துட்டு போவாங்க, அப்புறம் அதை யாரும் திறந்து பாத்ததா தெரியல.

என்னைக் கேட்டா ப்ரொபோசல், அதாவது நிதி கேட்டு அனுப்பற விண்ணப்பம், எழுதக் கத்துக் கொடுக்கறதுக்கு முன்னாடி மார்க் போடக் கத்துக் கொடுக்கணும். பழைய ப்ரொபோசல் நாலஞ்சு எடுத்துக்கோங்க, எழுதினவங்ககிட்ட கேட்டுட்டுதான், ஜெயிச்சதும் தோத்ததும் கலந்து இருக்கட்டும், எது எதுன்னு சொல்லாதீங்க. கூடவே பணம் தர்ற அந்த ஃபண்டர் நிஜமாவே எதை வெச்சு மார்க் போடறாங்களோ அந்த அளவுகோலையும் கையில கொடுங்க. ஐரோப்பிய யூனியனோட ஆராய்ச்சி நிதித் திட்டமான ஹொரைசன் யூரோப்ல பொதுவா எக்ஸலன்ஸ் (ஆய்வோட தரம்), இம்பாக்ட் (அதால வர்ற பயன்), இம்ப்ளிமென்டேஷன்னு (செஞ்சு முடிக்கற திட்டம்) மூணு, ஒவ்வொண்ணுக்கும் 5 மார்க், தனித்தனியா 3 எடுக்கணும் மொத்தமா 15க்கு 10 வரணும், அதுக்கு கீழ போனா பேச்சே இல்ல. மருத்துவ ஆராய்ச்சிக்கு நிதி தர்ற அமெரிக்க அரசோட என்ஐஹெச்ல அப்படியே தலைகீழ், 1 தான் பிரமாதம், 9 மோசம்.

படிக்கறவர் வேற துறைக்காரரா இருந்தா இன்னும் நல்லது. பிசிக்ஸ்காரர் கையில செல் பயாலஜி ப்ரொபோசலைக் கொடுத்துப் பாருங்க, ரெண்டு பாரா தாண்டியும் "இவர் என்னதான் கண்டுபிடிக்கப் போறார்"னு புரியலேன்னா அவர் மூஞ்சியே காட்டிக் கொடுத்துடும், எழுதினவர் பக்கத்துல உக்காந்து அதைப் பாக்கணும். ஏன்னா நிஜத்துலயும் அப்படித்தான் நடக்குது. ஈஆர்சில (ஐரோப்பிய ஆராய்ச்சி கவுன்சில்) முதல் கட்டத்துல பேனல் முழு ப்ரொபோசலையும் பாக்கறதில்ல, சுருக்கமான பகுதியையும் சிவியையும் வெச்சே பாதிக்கு மேல கழிச்சு விட்டுடுவாங்க, நீங்க ராத்திரி கண் முழிச்சு எழுதின மெத்தட்ஸ் அப்போ யாரும் பாக்காமலே கிடக்கும். என்ஐஹெச்ல ஸ்பெசிஃபிக் எய்ம்ஸ், அதாவது ஆய்வோட குறிக்கோளைச் சொல்ற பகுதி, ஒரே ஒரு பக்கம், அந்த ஒரு பக்கத்துக்கே முழு செஷன் ஒதுக்கலாம், தப்பில்ல.

அதிகமா சொதப்பறது இம்பாக்ட் பகுதிலதான். "இந்த ஆய்வு சமுதாயத்துக்கு பெரிய பங்களிப்பா இருக்கும்"னு எழுதி வெச்சா ரிவ்யூவர் என்ன மார்க் போடுவார்? பயிற்சில அந்த வரியை எடுத்து, யார் பயன்படுத்தப் போறாங்க, இப்போ அவங்க அந்த வேலையை எப்படி செய்யறாங்க, ப்ராஜெக்ட் முடிஞ்சு எத்தனை வருஷத்துல கைக்கு வரும், நடுவுல யார் காசு போடணும்னு கேட்டுக் கேட்டு திருப்பி எழுத வைக்கணும், ஒரு பாராவுக்கு ஒரு மணி நேரம் ஆனாலும் பரவால்ல.

அப்புறம் தகுதி விதி. இதை உக்காந்து வரிவரியா படிக்க யாருக்கும் பொறுமை இல்ல. பிஎச்டி முடிச்சவங்க வேற நாட்டுக்குப் போய் ஆராய்ச்சி பண்ண ஐரோப்பிய யூனியன் தர்ற மேரி க்யூரி போஸ்ட்டாக் ஃபெலோஷிப்ல, டெட்லைனுக்கு முந்தின 36 மாசத்துல போகப் போற நாட்டுல 12 மாசத்துக்கு மேல இருந்திருக்கக் கூடாது. ஹொரைசன் யூரோப்ல இந்தியா, பிரேசில்காரங்க பொதுவா சேரலாம், ஆனா பணம் தானா வந்துடாது. இது தெரியாம முழு ப்ரொபோசல் எழுதி முடிச்சவங்க இருக்காங்க.

இப்போ யாரும் சொல்லித் தராத பாதி, வாங்கினப்புறம் நடத்தறது. இதுக்கு பிஐயை (ப்ராஜெக்ட்டை நடத்தற முதன்மை ஆராய்ச்சியாளர்) மட்டும் கூப்பிட்டா பிரயோஜனமே இல்ல, பைனான்ஸ், எச்ஆர், கொள்முதல் பாக்கறவங்க எல்லாரும் ஒரே ரூம்ல உக்காரணும், பல இடத்துல இவங்க முதல் தடவை ஒருத்தரை ஒருத்தர் பாக்கறதே ஆடிட் வர்றப்போதான் (இது ஜோக் இல்ல). ஹொரைசன் யூரோப்ல நிஜ செலவுக் கணக்குல ஓடற கிராண்ட்னா ஒருத்தரோட வருஷ சம்பளச் செலவை 215 நாளால வகுத்து நாள் கணக்கு போடணும், ஓவர்ஹெட் (கரண்ட், கட்டடம் மாதிரி பொதுச் செலவுக்குத் தர்றது) 25 சதவீதம், வெளில கொடுத்து செய்ய வைக்கற சப்கான்ட்ராக்ட்டுக்கு அது கிடையாது. என்ஐஹெச் வெளிநாட்டு நிறுவனங்களுக்கு ஓவர்ஹெட்டா வழக்கமா கொடுத்துட்டு வந்தது 8 சதவீதம்தான், மீதி கரண்ட் பில், லேப் பராமரிப்பு எல்லாம் நம்ம தலைல, அதைக் கணக்குப் பாத்துட்டுதான் அப்ளை பண்ணணுமா வேண்டாமான்னே முடிவு எடுக்கணும்.

யார் எந்த நாள் எவ்வளவு நேரம் ப்ராஜெக்ட்ல வேலை செஞ்சாங்கன்னு எழுதற டைம்ஷீட்டை மட்டும் ஒரு மதியம் பூரா செஞ்சு பாக்க வைங்க. ஒருத்தர் லீவுல இருந்த நாளைக்கு எட்டு மணி நேரம் லேப்ல வேலைன்னு எழுதி, மேல இருக்கறவர் கையெழுத்தும் போட்டிருப்பார், அந்த மாதிரி ஒரு போலி ஃபைலைத் தயார் பண்ணி லீவு ரிஜிஸ்டரோட சேர்த்துக் கொடுத்து "நீங்கதான் ஆடிட்டர், கண்டுபிடிங்க"ன்னு சொல்லுங்க. பத்து நிமிஷத்துல கண்டுபிடிச்சுடுவாங்க, அப்புறம் தன்னோட டைம்ஷீட்டை மாசக் கடைசில குத்துமதிப்பா நிரப்ப மாட்டாங்க. மொத்தத் தொகையை முன்னாடியே பேசி முடிக்கற லம்ப் சம் கிராண்ட்ல இந்தத் தொல்லை இல்ல, ஆனா ஒர்க் பேக்கேஜை (ப்ராஜெக்ட்டைப் பிரிச்சு வெச்ச ஒவ்வொரு வேலைப் பகுதி) முடிச்சாதான் அதுக்கான பங்கு, அது வேற மாதிரி தலைவலி.

தோத்தவங்களையும் விட்டுடாதீங்க. ரிவ்யூ கமென்ட் வந்த அன்னைக்கு எல்லாரும் கோவமாதான் இருப்பாங்க, ஒரு வாரம் கழிச்சு கூப்பிட்டு எது ஐடியால இருக்கற குறை, எது சொன்ன விதத்துல இருக்கற குறைன்னு பிரிக்க வைங்க. என்ஐஹெச்ல பொதுவா 37 மாசத்துக்குள்ள ஒரு தடவை திருத்தி அனுப்பலாம், கமென்ட்டுக்கு பதில் சொல்ல ஒரு பக்கம் தர்றாங்க, அதை எழுதறதும் ஒரு தனிக் கலை.

காசு கம்மின்னா, வளரும் நாட்டு ஆராய்ச்சியாளர்களுக்கு உதவற ஆத்தர்எய்ட் நடத்தற இலவச ஆன்லைன் கோர்ஸ் இருக்கு, அடிப்படைக்கு அது தாராளமா போதும். வெளில இருந்து கன்சல்டன்ட்டைக் கூப்பிடறதா இருந்தா ஒண்ணே ஒண்ணு கேளுங்க, எங்க ஆளுங்க டிராஃப்ட்டை முன்கூட்டியே படிச்சு குறிப்பு எழுதித் தருவீங்களான்னு. இல்ல ஸ்லைடு மட்டும்தான்னா, அந்தப் பணத்தை பைனான்ஸ் ஆபீஸ்ல கிராண்ட்டுக்குன்னு தனியா ஒரு ஆள் போடறதுக்கு செலவு பண்ணுங்க.