அம்மா கூப்பிட்டதால் தோற்கவில்லை, தம்பி

கேள்வி: எனக்கு வயது 22. கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம் பக்கம் ஊர். டிப்ளமோ முடித்துவிட்டு அரசு வேலைப் பரீட்சைக்குப் படிக்கிறேன். லிச்செஸ் என்ற செஸ் தளத்தில் ஆளுக்கு 3 நிமிட பிளிட்ஸ் ஆடுவேன், ரேட்டிங் 1640. ஒரு வருஷமாக 1600-க்கும் 1700-க்கும் நடுவிலேயே நிற்கிறது. அட்டாக் நன்றாக வரும், வெள்ளையில் லண்டன் சிஸ்டம் என்கிற தொடக்கம் (ஓப்பனிங்). ஆனால் ஜெயிக்கிற ஆட்டத்தையே தோற்கிறேன், பாதி டைம் அவுட். நெட்டும் இழுக்கும். சில ஆட்டம் அம்மா சாப்பிடக் கூப்பிட்டதில் கவனம் சிதறிப் போனது. அதிகாலையில் அப்பாவும் அம்மாவும் ரப்பர் பால்வெட்டுக்குப் போகணும் என்பதால் ஒன்பது மணிக்கே கூப்பிட ஆரம்பித்துவிடுவார்கள். ஆனந்துக்கு அம்மா, குகேஷுக்கு அப்பா மாதிரி சப்போர்ட் பண்ண எனக்கு வீட்டில் ஆள் இல்லை. தோற்ற 3 ஆட்டங்களை அனுப்பியிருக்கிறேன், மூன்றாவது அம்மா கூப்பிட்டபோது போனது. என் ஸ்டைல் என்ன, பலம் என்ன, எதைத் திருத்தணும்? ஒரு ஓப்பனிங் கோர்ஸ் வாங்கலாமா?

பதில்: கோர்ஸ் வாங்காதே தம்பி. அந்தப் பேச்சை இதோடு விடு. மூன்று ஆட்டத்திலும் 12-வது மூவ் வரைக்கும் உனக்கு ஒரு குறையும் இல்லை, இரண்டில் நீதான் மேலே நிற்கிறாய். ஓப்பனிங்கில் தோற்காதவனுக்கு ஓப்பனிங் கோர்ஸ் எதற்கு? இப்படிக் கடிதங்கள் எனக்கு நிறைய வருகின்றன. எல்லோரும் ஜெயிக்கிற ஆட்டத்தைத் தோற்கிறவர்கள்தான், எல்லோருக்கும் நெட் இழுக்கிறது, எல்லோரும் கடைசியில் எதை வாங்கலாம் என்றுதான் கேட்கிறார்கள்.

நான் நின்றுவிட்ட இடம் வேறு. அம்மா சாப்பிடக் கூப்பிட்டதில் கவனம் சிதறிப் போனது என்று போகிற போக்கில் எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டாய். என்னால் அப்படிப் போக முடியவில்லை.

லிச்செஸ்ஸிலிருந்து எடுத்த ஆட்டத்தின் மேலே தேதியோடு நேரமும் வரும், உலக நேரத்தில். உன் மூன்றாவது ஆட்டத்தில் 17.02 என்று இருக்கிறது. ஐந்தரை மணிநேரம் கூட்டினால் நம் ஊரில் இரவு 10.32. ஒன்பது மணிக்கே கூப்பிட ஆரம்பிப்பார்கள் என்று எழுதியதும் நீதான். கூடுதல் நொடி இல்லாத 3 நிமிட ஆட்டம், இரண்டு பேரும் கடிகாரத்தைக் கடைசி நொடி வரை தீர்த்தாலும் 6 நிமிடத்தில் முடிந்தாக வேண்டும். அப்படியானால் முதல் தடவை கூப்பிட்டதற்கும் அந்த ஆட்டத்துக்கும் நடுவில் குறைந்தது 15 ஆட்டத்துக்கு நேரம் இருந்திருக்கிறது. 15 தடவை போனைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போயிருக்கலாம். நீ போகவில்லை. அம்மா சோற்றை மூடி வைத்துவிட்டுக் காத்துக்கொண்டிருந்தார், 10.32-க்குத் திரும்பவும் கூப்பிட்டார், அதை நீ தோல்விக்குக் காரணமாக எனக்கு எழுதியிருக்கிறாய்.

மக்களே, பால்வெட்டு என்றால் என்னவென்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, இருந்தாலும் சொல்கிறேன். வெயில் ஏற ஏறப் பால் வடிவது குறையும், அதனால்தான் விடியும் முன்னாலேயே தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு மரம் மரமாகப் போகிறார்கள். வெட்டி, சிரட்டையில் வடிய விட்டு, அப்புறம் பாலை எடுத்து, ஆசிட் கலந்து உறைய வைத்து, ஷீட் அடித்துக் காயப் போட வேண்டும். மழை பிடித்துக்கொண்டால் வெட்டு இல்லை, வெட்டு இல்லாத நாளில் வரும்படி இல்லை. மூன்றரை மணிக்கு எழும்ப வேண்டிய ஒரு பெண்பிள்ளையை இரவு 10.32 வரை உட்கார வைத்திருக்கிறாய். அந்த வரும்படியில் போட்ட நெட்டில்தான் நீ பிளிட்ஸ் ஆடுகிறாய்.

இதையெல்லாம் எழுதிவிட்டு, சப்போர்ட் பண்ண ஆள் இல்லை என்றும் எழுதியிருக்கிறாயே, அதுதான் எனக்குக் கோபம் வந்த இடம். ஆனந்துக்கு அவருடைய அம்மா சுசீலா ஆறு வயதில் ஆட்டம் சொல்லிக்கொடுத்தார். குகேஷின் அப்பா ரஜினிகாந்த் காது மூக்கு தொண்டை டாக்டர், மகனோடு ஊர் ஊராகப் போட்டிக்குப் போவதற்காகத் தன் தொழிலை ஒதுக்கி வைத்தார், அம்மா பத்மாவின் சம்பளத்தில் வீடு ஓடியது. பிரக்ஞானந்தாவின் அம்மா நாகலட்சுமி பிள்ளைகள் ஆடப் போகும் இடத்துக்கெல்லாம் கூடவே போகிறவர். இவர்கள் யாரும் பக்கத்தில் உட்கார்ந்து மூவ் சொல்லிக் கொடுத்து உலக அளவுக்குக் கொண்டுபோகவில்லை. நேரம் கொடுத்தார்கள், காசு கொடுத்தார்கள், பிள்ளை சாப்பிட்டானா தூங்கினானா என்று பார்த்தார்கள். உன் வீட்டில் இதில் எது இல்லை, சொல்லு? 22 வயதில் வேலைக்குப் போகாமல் படிக்கவும் விளையாடவும் உன்னை வைத்துக் காப்பாற்றுகிறார்கள். அதற்குப் பெயர் சப்போர்ட் இல்லை என்றால் வேறு எதற்குப் பெயர் சப்போர்ட்?

உழைத்துவிட்டு வருகிறவர்கள் சாப்பிட்டுப் படுத்த பிறகுதான் வீட்டில் இளையவன் தன் விளையாட்டை எடுக்க வேண்டும். இது என் கொள்கை, யாருக்காகவும் மாற்றிக்கொள்ள மாட்டேன். நாளையிலிருந்து எட்டரைக்கு இலையோ தட்டோ நீயே எடுத்து வை, மூன்று பேரும் சேர்ந்து உட்காருங்கள், சாப்பிட்ட பாத்திரத்தை நீ கழுவு.

சரி, ஆட்டத்துக்கு வருகிறேன். இது இரண்டும் வேறு வேறு விஷயம் என்று நினைக்காதே.

மூன்றாவது ஆட்டத்தில் நீ கறுப்பு. ஒவ்வொரு மூவுக்கும் எவ்வளவு நேரம் மிச்சம் என்பதும் அதிலேயே பதிந்திருக்கிறது. எதிராளி யானையை இ-வரிசைக்குக் கொண்டுவந்தபோது உன்னிடம் 41 நொடி இருந்தது. (படிக்கிற மற்றவர்களுக்காக: பலகையில் நெட்டு வரிசைகளுக்கு ஏ முதல் எச் வரை எழுத்து, குறுக்கு வரிசைகளுக்கு 1 முதல் 8 வரை எண்.) உன் ராஜாவுக்கு முன்னால் எஃப், ஜி, எச் மூன்று சிப்பாயும் அசையாமல் நிற்கின்றன, மூச்சுவிட ஓர் ஓட்டை கிடையாது, கடைசி வரிசையைக் காத்துக்கொண்டிருந்தது ஒரே ஒரு யானை. அதை எடுத்துக்கொண்டு போய் ஏ-சிப்பாயைத் தின்றாய். செலவழித்தது 1 நொடி. அடுத்த மூவில் இ 8-இல் மேட். 41 நொடியில் 5 நொடி எடுத்து, இந்த யானை ஏன் இங்கே வருகிறது என்று கேட்டிருந்தால் எச்-சிப்பாயை ஒரு கட்டம் தள்ளியிருப்பாய். அம்மா கூப்பிட்டதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

உன் ஸ்டைல் என்ன என்று கேட்டாய். தாக்குகிறவனின் ஆட்டம், அதில் சந்தேகம் இல்லை. லண்டனில் பிஷப்பை டி 3-இல் நிறுத்தி, குதிரையை இ 5-க்கு ஏற்றி, எச் 7-ஐக் குறிவைப்பது உனக்குக் கை வந்துவிட்டது. முதல் ஆட்டத்தில் நீ பிஷப்பைக் கொடுத்து அதைவிட மதிப்பான யானையை வாங்கி மேலே வந்த கணக்கு நாலு மூவ் ஆழம், 3 நிமிட ஆட்டத்தில் அதைப் பார்ப்பது லேசுப்பட்டதில்லை. குதிரை எங்கே போனால் இரண்டு காயை ஒன்றாக மிரட்டும் என்பதை உடனே கண்டுபிடிக்கிறாய். பயமில்லாமல் ஆடுகிறாய். இதெல்லாம் சொல்லிக்கொடுத்து வராது, இருக்கிறவனுக்குத்தான் இருக்கும், அதனால்தான் இவ்வளவு நீளமாகத் திட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் உன் ஆட்டத்தில் எதிராளி என்று ஒருத்தன் இல்லவே இல்லை. மூன்று ஆட்டத்தையும் முதலிலிருந்து ஆடிப் பார்த்தேன், அவன் என்ன செய்யப் பார்க்கிறான் என்று நீ நின்று யோசித்த ஒரு மூவைக்கூடக் காணவில்லை. உன் திட்டம், உன் அட்டாக், உன் மேட். எதிரே இருக்கிறவனுக்கும் ஒரு தேவை இருக்கும் என்பது உனக்கு உறைக்கவில்லை. பலகையிலும் உறைக்கவில்லை, சாப்பாட்டு வேளையிலும் உறைக்கவில்லை, இரண்டும் ஒரே பழக்கம்தான்.

முதல் ஆட்டம். யானைக்கு பிஷப், நீ மேலே. 24-வது மூவில் ராணிக்கு ராணி வெட்டலாம், வெட்டினால் அவனிடம் தாக்குவதற்கு ஒன்றுமே மிஞ்சாது. நீ ராணியை எச் 5-க்குக் கொண்டு போனாய், மேட் ஆசையில். அவனுடைய பிஷப் பி 7-இல் உட்கார்ந்து நீண்ட மூலைவிட்டம் முழுவதையும் பார்த்துக்கொண்டிருந்தது, அதன் பலத்தில் ராணி ஜி 2-இல் இறங்கி மேட். காய் மேலே இருக்கும்போது காய்களை வெட்டிக் குறைக்க வேண்டும், சிப்பாய்களை அல்ல. இது எல்லோருக்கும் தெரிந்த விதி, உனக்கும் தெரியும், ஆனால் அழகான மேட் கிடைக்காமல் போய்விடுமே என்று வெட்ட மனசு வரவில்லை. உன் அப்பாவிடம் கேட்டுப் பார், கத்தியை ஆழமாக இறக்கினால் கூடப் பால் வருமா என்று. பட்டை புண்ணாகி மரம் கெட்டுப்போகும் என்பார், அவர் தோல் சீவுகிற மாதிரித்தான் வெட்டுவார். ஜெயிக்கிற ஆட்டத்தை அப்படி ஆடணும்.

இரண்டாவது ஆட்டம்தான் எனக்கு ரொம்ப வருத்தம். யானையும் ஒரு சிப்பாயும் உன்னிடம், அவனிடம் யானை மட்டும். உன் டி-சிப்பாய் 7-ஆம் வரிசையில், ராஜா டி 8-இல், உன் யானை எஃப் 1-இல், அவன் ராஜா ஜி 7-இல், அவன் யானை சி-வரிசையில். லுசேனா நிலை என்று இதற்குப் பெயர், காய்கள் குறைந்த கடைசிக் கட்டத்தைப் பற்றிய எந்த எண்ட்கேம் புத்தகத்தைத் திறந்தாலும் இருக்கும். யானையை எஃப் 4-க்கு ஏற்றினால் முடிந்தது கதை. அப்புறம் ராஜா இ 7-க்கு வெளியே வரும், அவன் செக் கொடுத்துக்கொண்டே இருப்பான், ராஜா டி 6, இ 6, டி 5 என்று இறங்கும், டி-வரிசையில் அவன் கடைசியாகக் கொடுக்கும் செக்கை உன் யானை டி 4-க்கு வந்து மறைக்கும், சிப்பாய் ராணி ஆகும். நீ அவன் ராஜாவுக்கு மாற்றி மாற்றி செக் கொடுத்துக்கொண்டிருந்தாய், நேரம் தீர்ந்து போனது. அவனிடம் யானை இருந்ததால் டிரா கூடக் கிடையாது, முழுத் தோல்வி. இதற்கு நெட்டைக் குறை சொல்லாதே, இணையத் தாமதத்துக்கு லிச்செஸ் ஓரளவு நேரத்தைத் திருப்பிக் கொடுக்கிறது.

லுசேனாவோடு ஃபிலிடோர் நிலையையும் படி. அது தற்காப்பு. சிப்பாய் குறைந்தவன் யானையைத் தன் பக்கத்திலிருந்து மூன்றாவது வரிசையில் நிறுத்தி எதிரி ராஜாவை உள்ளே விடாமல் தடுப்பான், சிப்பாய் அந்த வரிசைக்கு வந்ததும் யானையைத் தூரமாக எதிரி பக்கத்துப் பின்வரிசைக்குக் கொண்டுபோய் அங்கிருந்து செக் கொடுப்பான். இந்த இரண்டையும் ராஜாவும் சிப்பாயும் மட்டும் மிஞ்சுகிற நிலைகளையும் ஒரு மாதம் எடுத்துப் பலகையில் காய் வைத்துப் படி. பரீட்சைக்குப் படிக்கிறவனுக்கு இது ஒன்றும் பாரமில்லை.

அப்புறம் அந்த 3 நிமிட ஆட்டத்தை நிறுத்து. 180 நொடியில் 40 மூவ் என்றால் மூவுக்கு நாலரை நொடி. அதில் 12-வது மூவிலிருந்து 20 வரைக்குமே நீ 100 நொடிக்கு மேல் அட்டாக்குக்குச் செலவழிக்கிறாய், மீதியைப் பிரீமூவில், அதாவது எதிராளி ஆடும் முன்பே வைத்துவிடுகிற மூவில், ஓட்டுகிறாய். இதை ஆயிரம் தடவை ஆடினாலும் வளர்வது இந்தப் பழக்கம்தான், ஆட்டம் இல்லை. 15 நிமிடமும் மூவுக்கு 10 நொடியும் கிடைக்கிற ஆட்டம் இருக்கிறது, ஒரு நாளைக்கு அது ஒன்று போதும், அவர்கள் படுத்த பிறகு ஆடு. தோற்றால் ரேட்டிங்கை மீட்டுவிட்டுத்தான் எழுவேன் என்று உட்காராதே. அன்றைக்கு அவ்வளவுதான்.

எதிராளி ஒரு மூவ் வைத்ததும், உன் திட்டத்தை நினைக்கும் முன்னால், அவனுக்கு இப்போது என்ன செக் இருக்கிறது, எதை வெட்ட முடியும், எதை மிரட்டுகிறான் என்று பார். முதல் இரண்டு வாரம் சலிப்பாக இருக்கும், அட்டாக்கின் வேகம் குறைந்த மாதிரித் தெரியும். குறையட்டும்.

2024 டிசம்பரில் சிங்கப்பூரில் நடந்த உலக சாம்பியன் போட்டியின் 14-வது ஆட்டத்தை நீ கட்டாயம் பார்த்திருப்பாய். ராணி வெட்டுப்பட்டு, ஆளுக்கு ஒரு யானை ஒரு பிஷப், குகேஷுக்கு ஒரு சிப்பாய் கூட, அவ்வளவுதான். எல்லோரும் டிரா என்று எழுதிவிட்ட நிலை. குகேஷ் விடாமல் ஆடிக்கொண்டே இருந்தார், 55-வது மூவில் எதிராளி டிங் லிரென் யானையைத் தவறாக வைத்தார், 18 வயதில் பட்டம் வந்தது. அதில் மேட் அட்டாக் ஒன்றும் கிடையாது. இன்னொன்றும் தெரிந்துகொள். குகேஷ் 2500 ரேட்டிங் பக்கம் வரும் வரை அவருடைய கோச் விஷ்ணு பிரசன்னா என்ஜின் பக்கமே, அதாவது ஆட்டத்தை அலசிச் சொல்கிற கம்ப்யூட்டர் புரோகிராம் பக்கமே, போக விடவில்லை. நீ ஆட்டம் முடிந்த மறுநொடி என்ஜினைத் தட்டி, சிவப்பில் காட்டுகிற மூவைப் பார்த்து ச்சே என்று சொல்லிவிட்டு அடுத்த ஆட்டத்துக்குப் போகிறாய் என்று எனக்குத் தெரியும், உன் வயதில் எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். ஒரு நோட்டு வாங்கு. தோற்ற ஆட்டத்தைக் கையால் எழுது, எந்த மூவில் சாய்ந்தது, அந்த நேரம் எதிராளி என்ன நினைத்தான் என்று உன் வார்த்தையில் ஒரு பத்தி எழுது. என்ஜினை அதற்கு அப்புறம் திற.

மூன்று மாதம் கழித்து, இப்படி ஆடித் தோற்ற 3 ஆட்டங்களை நோட்டில் எழுதிய குறிப்போடு எனக்கு அனுப்பு. ஜெயித்த ஆட்டம் வேண்டாம்.